பௌர்ணமி வாடகையை நம்பி மாத வாடகையை விடலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, வயது 63. கணவருடன் வேலூரில் இருக்கிறேன். திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய தெருவில் என் பெயரில் ஒரு வீடு உண்டு. கீழ் போர்ஷனில் ஒரு குடும்பம் ஏழு வருடமாக இருக்கிறது, வாடகை 11,000 ரூபாய். மாடியில் இருப்பவர் 9,000 தருகிறார். அவருக்கு மாற்றல் வந்துவிட்டது, மே மாதம் காலி செய்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை நாள் வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி என்ற ஆன்லைன் தளத்தில் போட்டு ஒரு இரவுக்கு 3,000 வாங்குகிறார். பெங்களூரில் இருக்கும் என் தம்பி மகன், “ரெண்டு போர்ஷனையும் காலி பண்ணிட்டு நாமும் அப்படியே செய்யலாம் அத்தை, ஆப் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்கிறான். செய்யலாமா? என்ன அனுமதி வேண்டும்? வரி எப்படி வரும்? கீழே இருப்பவரைக் காலி செய்யச் சொல்ல முடியுமா?

பதில்:

வணக்கம் டீச்சர். மாடியை மட்டும் முயன்று பாருங்கள், கீழ் வீட்டைத் தொடாதீர்கள். இதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு இரவுக்கு 3,000 என்றதும் முப்பதால் பெருக்கி 90,000 என்று மனம் கணக்குப் போட்டுவிடும். ஆனால் திருவண்ணாமலை முப்பது நாளும் நிறைகிற ஊர் இல்லை. பௌர்ணமியன்று படுக்க இடம் கிடைக்காது, அடுத்த செவ்வாய்க்கிழமை தெருவே காலியாக இருக்கும். வருடத்துக்குப் பௌர்ணமி பன்னிரண்டு, சில வருடம் பதின்மூன்று. கார்த்திகை தீபத்தை ஒட்டி நாலைந்து நாள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆசிரமங்களை நாடி வெளிநாட்டவரும் வெளி மாநிலத்தவரும் வந்து தங்குகிற காலம்; ரமண ஜெயந்தியும் அதற்குள் வந்துவிடும். மற்ற மாதங்களில் சென்னை, பெங்களூர்க்காரர்களின் சனி, ஞாயிறு. ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பாறை மலை அடிக்கிற அனலில் ஏசி இல்லாத அறையை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இதை மாடி வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். எண்கள் என் அனுமானம்தான், ஆனால் கஞ்சத்தனமாகப் போடவில்லை. பௌர்ணமிக்கு இரண்டு இரவு வீதம் 24 இரவு, 3,500 ரூபாய்: 84,000. தீபத்துக்கு நாலு இரவு, 6,000 வீதம் 24,000. குளிர்கால சீசனில் 50 இரவு, 1,800 வீதம் 90,000. மற்ற வார இறுதிகளில் 50 இரவு, 2,000 வீதம் ஒரு லட்சம். ஆக 128 இரவு, 2,98,000 ரூபாய்.

இனி செலவு. தளத்தின் கமிஷன் ஒப்பந்தத்தைப் பொறுத்து மாறும்; 15 சதவீதம் என்று வைத்தால் 44,700. சாவி கொடுக்க, ஆள் வந்தால் காட்ட, குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிட உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும். பகுதி நேரமாக மாதம் 6,000 என்றாலும் வருடத்துக்கு 72,000. எண்பது தடவை ஆள் மாறுகிறார்கள் என்றால், ஒவ்வொரு தடவையும் வீடு கழுவி, பெட்ஷீட் துண்டு வெளுக்க 350 வீதம் 28,000. கரண்ட், இன்டர்நெட், தண்ணீர் லாரி எல்லாம் சேர்த்து மாதம் 3,000 என்றால் 36,000. உடைந்தது, தேய்ந்தது, காணாமல் போனது 15,000. எல்லாம் போக மிச்சம் 1,02,300.

மாடிக்கு இப்போது வருகிற வாடகை வருடத்துக்கு 1,08,000.

கட்டில், மெத்தை, இரண்டு ஏசி, ஹீட்டர், இன்வெர்ட்டர் என்று முதலில் போடப்போகிற மூன்று லட்சத்தை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் அங்கேயே குடியிருந்தால் அந்த 72,000 அவருக்கு மிச்சம். அவர் வீட்டுப் பெண்களே துணி துவைத்துப் பெருக்கினால் 28,000-மும் மிச்சம். இந்தத் தொழிலில் லாபம் என்று பலர் சொல்வதில் பாதி, அந்த வீட்டார் தங்களுக்குக் கொடுத்துக்கொள்ளாத கூலி. உங்களுக்கோ வேலூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம், தம்பி மகன் பெங்களூரில். ஆப்பில் பதில் போடுவது வேலையில் சின்னப் பங்குதான். பௌர்ணமியன்று வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே போலீஸ் நிறுத்திவிடும், மேப் காட்டுகிற வழி அடைபட்டிருக்கும், ஹைதராபாத்திலிருந்து வந்த குடும்பம் குழந்தைகளோடு நின்றபடி போன் செய்யும். பெங்களூரிலிருந்து அவர்களுக்கு என்ன வழி சொல்ல முடியும்? உள்ளூரில் நம்பகமான ஆள் கிடைத்தால் மட்டும் இதில் இறங்குங்கள். ஆள் கிடைக்காவிட்டால் கடிதத்தின் மீதிக் கேள்விகளுக்கு அவசியமே இல்லை.

வருடத்துக்கு 180 இரவுக்கு மேல் நிறைந்தால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். ஏனென்றால் அந்த ஆளின் சம்பளம் ஏறாது; கூடுதலாக வருகிற ஒவ்வொரு இரவிலும் பெரும்பகுதி உங்களுக்கே நிற்கும். ஆனால் முதல் வருடமே 180-ஐ எட்டுவது கடினம். ஒன்றிரண்டு மோசமான மதிப்பீடு வந்தால் இரண்டாம் வருடமும் கடினம்.

இடையில் ஒரு வழி இருக்கிறது. உங்கள் இடத்துக்கு அதுதான் பொருத்தம் என்பேன். ஆசிரமத்துக்காக வருகிறவர்களில் பலர் இரண்டு நாளுக்கு வருவதில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தங்குகிறார்கள். ஆசிரமத்தின் அறைகளை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும், அங்கே நீண்ட நாள் தங்கவும் இயலாது. எனவே சுற்றுத்தெருக்களில் சாமான்களோடு கூடிய வீட்டை மாதக் கணக்கில் தேடுவார்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதத்துக்கும் ஒரே ஆளுக்கு மாதம் 18,000 என்று விட்டுப் பாருங்கள், கரண்ட் பில் அவர் பொறுப்பு. நாள் வாடகையைவிட வரவு குறையும். பதிலுக்கு, ஆள் மாறுகிற தொல்லையும் கமிஷனும் இல்லை. மீதி ஒன்பது மாதத்தில் பௌர்ணமிக்கும் வார இறுதிக்கும் மட்டும் திறந்து வையுங்கள். அதுவும் ஒத்துவரவில்லையென்றால் அடுத்த ஜூனில் பழையபடி குடும்பத்துக்கு விட்டுவிடலாம், கட்டில் சாமானோடு விட்டால் வாடகை கொஞ்சம் கூடவே கிடைக்கும்.

வரிக்கு வருகிறேன். என் தொழில் அதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நீட்டுவேன்.

இதுவரை நீங்கள் காட்டிய வாடகை, ‘வீட்டுச் சொத்து வருமானம்’. கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை எந்த ரசீதும் கேட்காமல் கழிக்கிறார்கள். 1,08,000 வாடகையில் கிட்டத்தட்ட 32,000 ரூபாய்க்கு வரியே இல்லை. நாள் வாடகைக்கு விட்டு, படுக்கை மாற்றி, பெருக்கித் துடைத்து, காபி கொடுத்தால் அது தொழில் வருமானம். அந்த 30 சதவீதம் போய்விடும். பதிலுக்கு உண்மையான செலவு முழுவதையும், சாமான்களின் தேய்மானத்தையும் கழிக்கலாம். கணக்குப் புத்தகம் எழுத அலுப்பாக இருந்தால் உத்தேச வருமானத் திட்டத்தில், வங்கி வழியாக வந்த வரவில் குறைந்தது 6 சதவீதத்தையும் ரொக்கத்தில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டிவிடலாம். உங்கள் அளவுக்கு இதுவே போதும். பென்ஷன்காரர்கள் வருமான வரிக் கணக்குக்கு வழக்கமாகப் போடுகிற ஒன்றாம் எண் படிவம் (ஐடிஆர்-1) மட்டும் இனிச் செல்லாது.

பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று உண்டு. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் தொழில் வருமானம் இல்லையென்றால் முன்கூட்டி வரி கட்டும் கடமை கிடையாது. வருட முடிவில் கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்டினால் போதும். தொழில் வருமானம் கொஞ்சம் நுழைந்தாலும் அந்தச் சலுகை முழுவதுமாகப் போய்விடும், பென்ஷனுக்கும் வங்கி வட்டிக்கும் வரவேண்டிய வரியையும் சேர்த்துத்தான். வருட வரி பத்தாயிரத்தைத் தாண்டினால் முன்கூட்டியே கட்ட வேண்டும்; உத்தேசத் திட்டத்தில் இருந்தால் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டிவிடலாம். மறந்தால் வட்டி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மாத வாடகைக்கு விடுவதை, எந்தச் சேவையும் சேர்க்காமல், வெறும் வாடகையாகவே தனியாக ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டால் பிறகு பிரிப்பது பெரிய பாடு.

ஜிஎஸ்டி உங்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை நீங்கள் பதிவு செய்யத் தேவையில்லை. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு வரி இல்லை என்று யாராவது சொன்னால் அது பழைய கதை, 2022 ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு இரவுக்கு 7,500 வரையிலான அறைக்கு 5 சதவீதம். பதிவு இல்லாதவர் ஆன்லைன் தளம் வழியாக அறை விட்டால் அந்த வரியைத் தளமே விருந்தினரிடம் வாங்கிக் கட்டிவிடும். போனில் நேரடியாகப் பேசி வருகிறவரிடம் நீங்கள் வாங்க வேண்டியதும் இல்லை, வாங்கவும் கூடாது.

தளத்தில் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில், உங்கள் வங்கிக் கணக்கோடு இருக்க வேண்டும். தம்பி மகன் உதவியாளராகச் சேர்ந்துகொள்ளட்டும். அவர் பெயரில் கணக்குத் திறந்துவிட்டால் வருமானம் அவர் பான் எண்ணில் ஏறும், வீடு உங்கள் பெயரில் இருக்கும், இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வர வழி உண்டு. பான் கொடுத்திருந்தால் வருடத்துக்கு ஐந்து லட்சம் வரையிலான வரவில் தளம் வருமான வரியைப் பிடிக்காது. கொடுக்காவிட்டால் 5 சதவீதம் போகும்.

அனுமதிகளில் நான் முதலில் பார்ப்பது மின் இணைப்பை. இப்போது வீட்டு இணைப்பு, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த இணைப்பில் விடுதி நடத்தினால், அனுமதித்த பயன்பாட்டுக்கு மாறாக மின்சாரம் எடுத்ததாக 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் கணக்கெடுப்பார்கள். பொருந்துகிற கட்டணத்தின் இரண்டு மடங்கு. எப்போது தொடங்கியது என்று நிரூபிக்க முடியாவிட்டால் பின்னோக்கிப் பன்னிரண்டு மாதத்துக்கு. உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்து மூலமாகக் கேட்டு எந்தக் கட்டண வகை என்று பதில் வாங்குங்கள். மாடிக்குத் தனி மீட்டர் இருக்கிறதல்லவா? கீழ் வீட்டைத் தொடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்: கீழ் இணைப்பு வீட்டு இணைப்பாகவே நிம்மதியாக இருக்கும்.

மாநகராட்சியிலும் இதே கதை. 2024-இல் ஊர் நகராட்சியிலிருந்து மாநகராட்சி ஆகிவிட்டது. வீட்டு வரி ரசீதில் ‘குடியிருப்பு’ என்று இருப்பதைப் பாருங்கள். மாடியின் பயன்பாடு மாறினால் வரி விகிதமும் மாறும், தொழில் உரிமமும் கேட்பார்கள். சுற்றுலாப் பதிவுக்கு மாவட்டச் சுற்றுலா அலுவலரைப் பாருங்கள். மத்திய அரசின் ஹோம்ஸ்டே திட்டத்தில் உரிமையாளர் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும், அறை ஆறுக்கு மேல் கூடாது என்பது விதி. வேலூரில் இருந்துகொண்டு அந்தப் பலகையை மாட்ட முடியாது. இட்லி, பொங்கல் சமைத்துக் காசுக்குக் கொடுப்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். வேண்டாம், டீச்சர். நல்ல ஹோட்டல்கள் நடக்கிற தூரத்தில் இருக்கும். கெட்டிலும் இண்டக்‌ஷன் அடுப்பும் போதும். வீட்டுக்கு வாங்கிய கேஸ் சிலிண்டரைத் தொழிலுக்கு வைப்பதும் குற்றம்தான்.

உங்கள் ஊரில் எல்லாவற்றையும்விட முக்கியம் வெளிநாட்டவர் விவரம். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் யார் தங்கினாலும் வந்த 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஃபார்ம் சி என்று எல்லோரும் சொல்வார்களே, அது. மலேசியாவிலிருந்து வருகிற தமிழ்க் குடும்பத்துக்கும் இலங்கை பாஸ்போர்ட்டில் வருகிறவருக்கும் இது உண்டு. நம் பாஷை பேசுகிறார்களே என்று விட்டுவிடக்கூடாது. மாத வாடகை என்றாலும், காசே வாங்காவிட்டாலும் கடமை கடமைதான். முதல் விருந்தினர் வருவதற்கு முன்பே குடிவரவுத் துறையின் அந்த இணையதளத்தில் வீட்டைப் பதிவு செய்து, பாஸ்போர்ட், விசா பக்கங்களை எப்படி ஏற்றுவது என்று தம்பி மகன் பழகிக்கொள்ளட்டும். இந்த ஒரு வேலையை அவர் பெங்களூரிலிருந்தே ஒழுங்காகச் செய்யலாம். நம் நாட்டவர் என்றால், அறையைப் பதிவு செய்தவருடையது மட்டுமல்ல, தங்குகிற பெரியவர் ஒவ்வொருவரின் அடையாள அட்டையும் வேண்டும்.

எத்தனை பேர் என்பதில் கண்டிப்பாக இருங்கள். இரண்டு படுக்கையறைக்கு நாலு பேர் என்று எழுதினால், பௌர்ணமியன்று வேனிலிருந்து பதினொரு பேர் இறங்குவார்கள். “ராத்திரி முழுக்க நடக்கத்தானே போறோம், பை மட்டும் வச்சுக்கறோம்” என்பார்கள். பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு சுற்றிவிட்டு விடியற்காலை நாலு மணிக்குத் திரும்பி எல்லோரும் சுடுதண்ணீர் கேட்பார்கள். டேங்க் காலி. கீழ் வீட்டுக் குழந்தைக்கு அன்றைக்குப் பரீட்சையாக இருக்கும். அதனால் மாடிக்குத் தனியாகத் தண்ணீர்த் தொட்டி, வெளிப்பக்கமாகவே ஏறுகிற படி, கால் கழுவ வாசலிலேயே ஒரு குழாய், இவை மூன்றையும் ஏசி வாங்குவதற்கு முன் செய்துவிடுங்கள். இப்போதைய வீட்டுக் காப்பீடு காசு கொடுத்துத் தங்குகிறவர்கள் இருந்தால் செல்லுமா என்றும் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, கீழே இருப்பவர். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிற புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். ஏழு வருடம் என்றால் உங்களுடையது வாய்ப்பேச்சாகவோ, புதுப்பிக்காத பழைய 11 மாதப் பத்திரமாகவோ இருக்கும் என்று நினைக்கிறேன். எதுவாக இருந்தாலும் தண்ணீரை நிறுத்துவது, ஃப்யூஸைப் பிடுங்குவது போன்றவற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை. அவர் மறுத்தால் வாடகை நீதிமன்றம்தான் வழி. அதிக வாடகை வரும் என்ற காரணம் அங்கே எடுபடும் என்று நம்பிப் போகாதீர்கள். மாதம் தவறாமல் 11,000 தருகிற குடும்பம் கீழே இருப்பதால்தான் மாடியில் நீங்கள் துணிந்து ஒரு வருடம் சோதனை செய்ய முடிகிறது. பூட்டிய வீட்டுக்குக் காவலும் அவர்கள்தான். புதிதாக ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். மாடியில் ஆட்கள் வந்துபோவார்கள் என்பதையும், வாசல், வண்டி நிறுத்தும் இடம், தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். வாடகையை இந்த வருடம் ஏற்ற வேண்டாம்.

அந்த வீட்டம்மாவுக்கே விருப்பம் இருந்தால் சாவி கொடுப்பதையும் மேற்பார்வையையும் சம்பளத்துக்கு ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் வாடகையில் கழித்துக்கொள்வது என்று பேசாதீர்கள். வாடகை தனி, சம்பளம் தனி, இரண்டும் வங்கி வழியாக. மாடி காலியாவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் சாருமாகப் போய் அவர்களிடம் நேரில் பேசிவிடுங்கள். தம்பி மகன் வாட்ஸ்அப்பில் சொல்லித் தெரிய வேண்டாம்.